நன்னூலார் கண்ட இணையதளக் குற்றங்கள்

இணையதளம் முதலான பயனர் இடைமுகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஜேக்கப் நீல்சன் 1994இல் பத்து விதிகள் வகுத்தார் என்று கணினியுலகம் கொண்டாடுகிறது. நூலுக்குக் குற்றம் பத்து என்று பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூலில் எண்ணிவிட்டார். இங்கும் பத்து, அங்கும் பத்து. இதைத் தற்செயல் என்பாரோடு நமக்கு வழக்கில்லை. களஆய்வுக்கு நேரே ஹைதராபாத் செல்வோம்.

ஹைதராபாத் ஏன் எனின், ஊருக்கெல்லாம் மென்பொருள் எழுதித் தரும் ஹைடெக் சிட்டி அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து ஆளும் தெலங்கானா அரசு விவசாய நிலப் பதிவை 2020 அக்டோபர் 29இல் 'தரணி' என்ற ஒரே தளத்தில் ஏற்றியது. அதில் 33 மாட்யூல்கள் இருந்தன. இது 'மயங்க வைத்தல்' என்னும் குற்றத்தின்பாற் படும். வாரிசு மாற்றத்துக்கு ஒன்று, தடைப்பட்டியலில் நிலம் மாட்டிக்கொண்டவருக்கு ஒன்று. பாஸ்புக்கில் பெயர் தப்பு, பரப்பு தப்பு, சர்வே எண்ணையே காணோம் என்றால் டிஎம்-33 என்ற மாட்யூல். தம் துயரம் எத்தனையாம் நம்பர் என்று கண்டுபிடித்த பிறகே ஒருவர் துயரப்பட முடிந்தது.

தெரிவுகள் பெருகினால் முடிவெடுக்கும் நேரமும் ஏறும் என்று 1952இல் ஹிக் என்ற ஆங்கில உளவியலாளர் காட்டினார். அந்த ஏற்றத்தை அறிய, தெரிவுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, இரண்டை அடியாகக் கொண்டு மடக்கை எடுக்க வேண்டும். 33க்கு விடை 5.09. ஆனால் ஹிக்கின் ஆய்வில் விளக்கு எரிந்தால் அதற்குரிய சாவியை அழுத்தினால் போதும். சித்தப்பா பாகம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. 2025 ஏப்ரல் 14இல் தரணியின் இடத்துக்கு 'பூ பாரதி' வந்தது. மாட்யூல்கள் ஆறாயின, மடக்கை 2.81 ஆயிற்று. மயக்கம் ஏறக்குறைய 45 விழுக்காடு தெளிந்ததாகக் கொள்க.

ஏனைய குற்றங்கள் எல்லா ஊர்த் தளங்களுக்கும் பொது. 'பிழை நேர்ந்தது' என்று சிவப்பில் எழுதி, என்ன பிழை என்று சொல்லாமல் விடுவது குன்றக் கூறல். ஆதார் எண்ணைப் பக்கத்துக்குப் பக்கம் கேட்பது கூறியது கூறல். பாஸ்வேர்டில் சிறப்புக் குறி கட்டாயம் என்று சொல்லிவிட்டு, போட்டதும் அக்குறி செல்லாது என்பது மாறுகொளக் கூறல். ஓடிபி வந்து சேருமுன் செஷன் காலாவதியாவது சென்று தேய்ந்து இறுதல். பத்தில் மிகக் கொடியது இதுவே என்பது எம் கருத்து.

இத்தனை குற்றமும் சுமந்து ஒரு நூல் எவ்வாறு நிலைக்கிறது எனின், உரையாசிரியரால். குற்றமற்ற நன்னூலுக்கே மயிலைநாதர் தேவைப்பட்டார். அரசுத் தளங்களுக்கு மீசேவா என்னும் அரசுச் சேவை மையத்து ஆபரேட்டர் வாய்த்திருக்கிறார். சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும் பொத்தான்களில் எது அமுங்கும் என்பது அவருக்குத் தெரியும். நீல்சனை அவர் படித்ததில்லை. படித்திருந்தால் தொழில் கெட்டிருக்கும். மயிலைநாதர் தம் உரைக்கு ரசீது கொடுத்ததற்குச் சான்றில்லை. இவர் கொடுக்கிறார்.