பிள்ளைக்கு ஒண்ணாங்கிளாஸ், அப்பனுக்கு ஹோம்ஒர்க்

ஏலே பேராண்டி, மவனை ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கப் போறியாமே? ராவெல்லாம் முழிச்சு நீ இங்கிலீசு படிக்கியாமே? ஒம் பொண்டாட்டி சொன்னா. நல்லாப் படிலே. படிக்க வேண்டிய வயசுல கபடி ஆடித் திரிஞ்ச பய, இப்பவாவது புஸ்தகத்தைத் தொட்டானேன்னு எனக்குச் சந்தோசந்தான்.

ஆனா ஒண்ணு கேக்கேன். பள்ளிக்கூடத்துல சேரப்போறது யாரு? அந்தப் பொடிப்பயலா, நீயா? 2009-ல கொண்டாந்த கட்டாயக் கல்விச் சட்டத்துல 13-ஆம் பிரிவுன்னு ஒண்ணு கெடக்கு. சேக்கும்போது பிள்ளையையும் சலிச்சு எடுக்கக் கூடாது, பெத்தவியளையும் சலிச்சு எடுக்கக் கூடாதுங்கு. மீறினா முதத் தடவைக்கு 25,000 ரூவா வரைக்கும் அபராதம். அதுக்கு மேல ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரைக்கும். பள்ளிக்கூடத்துக்காரன் வெவரமானவன்லே. இண்டர்வியூன்னு சொல்லவே மாட்டான். ‘சும்மா பேசிப் பாப்போம், வாங்க’ம்பான். நீயும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டுப் போய்க் கைகட்டி ஒக்காருவ. ஒன்னையக் காப்பாத்த வந்தது சட்டம். நீ அந்தச் சட்டத்துக்கிட்ட இருந்து பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துத!

வாசல்ல பெரிசா எழுதிப் போட்டிருக்கானாமே, ‘நாளைய தலைவர்களை உருவாக்குகிறோம்’னு? ஊர்ல உள்ள அத்தனை பள்ளிக்கூடமும் தலைவரையே உருவாக்கினா தொண்டனுக்கு எங்கலே போறது? கூட்டத்துக்கு நாற்காலி போட ஒருத்தன் வேண்டாமா?

சரி, தலைவரு எப்படித் தயாராவாருன்னு பாப்போம். காலையில பையத் தூக்குறது யாரு? நீ. பிள்ளையோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல பை கனக்கக் கூடாதுன்னு 2020-ல டெல்லியில கொள்கையே போட்டாச்சு. ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் வீட்டுப்பாடம் கூடாதுன்னும் அதுல சொல்லியிருக்கு. எவன் மதிச்சான்? ‘இது வீட்டுப்பாடம் இல்ல சார், ப்ராஜெக்ட்’டும்பான். எரிமலை செஞ்சு கொண்டாரணுமாம். தெர்மாகோல் அறுக்கது நீ. பெயிண்ட் அடிக்கது ஒம் பொண்டாட்டி. மறுநா ஒடையாமக் கொண்டு சேக்கது ஆட்டோக்காரன். பிள்ளை என்ன செஞ்சான்? தூங்கினான். மார்க்கு யாருக்கு? அவனுக்கு. ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாவ?

பின்னால வார வாழ்க்கைக்குப் பள்ளிக்கூடம் தயார் பண்ணலைன்னு யாருலே சொன்னா? அடுத்தவன் செஞ்ச வேலையில தன் பேரை எழுதி நீட்டணும்னு ஆறு வயசுலயே பழக்குதுல்லா? பெரிய ஆபீசுக்குப் போகப்போற பயலுக்கு இதைவிட என்ன பயிற்சி வேணும்?

கொஞ்சம் வளரட்டும். ஆறாங்கிளாஸ்ல ஃபவுண்டேஷன் கோர்ஸ்ம்பான். எதுக்குலே? ஆறு வருசம் கழிச்சு எழுதப்போற பரிச்சைக்கு. வீடு கட்டுறவன்கூட கடக்கால் தோண்டுன கையோட செவரை எழுப்பிருவான். இவன் தோண்டிக்கிட்டே இருப்பான். நாமக்கல் பக்கம் முன்னாடி கோழிக்குத்தான் பேரு. பெறவு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கும் பேராச்சு. ரெண்டுக்கும் சேத்து ஜனங்க ‘பிராய்லர்’னு ஒரே பேரு வச்சாவ. வெளிச்சத்துல முழிக்க வச்சு, நேரத்துக்குத் தீனி போட்டு, எடை பாத்து அனுப்புற தொழில்தானே! பதினொண்ணாங்கிளாஸ் புஸ்தகத்தைப் பரண்ல போட்டுட்டு, பன்னெண்டாங்கிளாஸ் பாடத்தையே ரெண்டு வருசம் உருப்போட வச்சாவ. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுப்பரிச்சை வந்துச்சு. 2025-ல அதையும் எடுத்துட்டாவ. இந்த வெளையாட்டுல 600-க்கு 590 வாங்குன பய, காலேஜ் விண்ணப்பத்தை நிரப்ப அப்பனைக் கூப்பிடுதான். வாங்குன மார்க்கு யாரு மார்க்குன்னு அப்பத் தெரிஞ்சு போவுது.

அந்தக் காலம் ஒசத்தின்னு சொல்ல வரலலே. திண்ணைப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரை விடப் பிரம்புதான் அதிகம் பேசும். எல்லாச் சாதிப் பிள்ளையளையும் திண்ணையில ஏத்தவும் இல்ல. ஆனா ஒண்ணு, மணல்ல விரலை வச்சு எழுதினது பிள்ளையோட விரல். முந்திப் படிச்ச பய பிந்தி வந்த பயலுக்குச் சொல்லிக் குடுத்தான். அவன் பேரு சட்டாம்பிள்ளை. மெட்ராஸ்ல 1789-லருந்து அநாதைப் பிள்ளையளுக்கான பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கிட்ட ஆண்ட்ரூ பெல்லுங்க ஸ்காட்லாந்துப் பாதிரியாரு, இந்த வித்தையைத் தன் பள்ளிக்கூடத்துல செஞ்சு பாத்தாரு. 1797-ல லண்டன்ல புஸ்தகமாவே போட்டுட்டாரு. ‘மெட்ராஸ் முறை’ன்னு சீமையில அது கொடி கட்டிப் பறந்துச்சு. இன்னைக்கு அதே சரக்கு ‘பியர் லேர்னிங்’னு கோட்டு மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு. நீ அதுக்குத் தனியா ஃபீஸு கட்டுத.

நம்ம பக்கத்துல எட்டயபுரம் இருக்குல்லா? பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட மனுசன் காமராசரு. 1956-ல அங்கதான் மதியச் சாப்பாட்டைத் தொடங்கி வச்சாரு. தலைவரை உருவாக்குதோம்னு போர்டா வச்சாரு? பசிச்ச பிள்ளை பசியாற வரட்டும், வந்தா நாலெழுத்து படிக்கும்னு கணக்குப் போட்டாரு. வந்துச்சுல்லா? அந்தப் பிள்ளையளுக்குப் பையத் தூக்க அப்பன் வரல. அவன் காட்டுல களை வெட்டிக்கிட்டு நின்னான். பிள்ளை தானா நடந்து வந்தான், தானா படிச்சான், தெரியாட்டா வாத்தியாருகிட்டத் தானா கேட்டான். அந்தத் தட்டுல சாப்பிட்டு எந்திரிச்சவனெல்லாம் எங்கெங்க போய் ஒக்காந்தான்னு ஒனக்கே தெரியும்.

அதனால போற எடத்துல பள்ளிக்கூடத்துக்காரன் கேக்கதுக்கு முந்தி நீ கேளு. எம் பய புரியலைன்னு கை தூக்கினா ஒங்க டீச்சர் என்ன செய்வாவ? தின்ன தட்டை அவனே கழுவுவானா, ஆயாம்மா கழுவணுமா? ஓட்டப் பந்தயத்துல தோத்துட்டு அழ விடுவியளா, எல்லாருக்கும் மெடல் போட்டு அனுப்பிருவியளா? சட்டப்படி நாலுல ஒரு எடத்தை ஏழை வீட்டுப் பிள்ளையளுக்குக் குடுக்கணுமே, அந்தப் பிள்ளை எம் பயலுக்குப் பக்கத்துல ஒக்காருவானா, தனி செக்ஷனா? பதில் வேண்டாம்லே. கேக்கும்போது அவன் மூஞ்சியை மட்டும் பாத்துட்டு வா.

இப்படிக் கேட்டா சீட்டுக் கிடைக்காதுங்கியா? கிடைக்காட்டாப் போவுது. நம்ம தெருமுனையில யூனியன் பள்ளிக்கூடம் இருக்கு. 2022-லருந்து காலைச் சாப்பாட்டுத் திட்டமும் வந்துட்டு. ஒம் பய நடந்தே போயிருவான். அங்கயும் வாத்தியாரு நல்லவராங்கதை விசாரிச்சுக்கோ. கவர்மெண்டுன்னா எல்லாம் தங்கம்னு நான் சொல்ல மாட்டேன்.

தன் கையே தனக்கு உதவின்னு பெரியவிய சொன்னதுக்கு மேல எங்கிட்ட புதுசா ஒண்ணும் இல்லலே. பள்ளிக்கூடத்தை விட்டு வெளிய வாரப்ப, பிள்ளைக்கு நீயும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம்னு ஆயிருக்கணும். அப்பத்தான் குடுத்த துட்டுக்குப் படிப்பு வந்ததுன்னு அர்த்தம். நாப்பது வயசுலயும் ‘அப்பா, இதைக் கொஞ்சம் செஞ்சு குடுங்க’ன்னு வந்து நின்னாம்னா, போய் ஃபீஸைத் திருப்பிக் கேளு. ஒரு மனு எழுதிக் குடுங்கன்னு பள்ளிக்கூடத்துக்காரன் சொல்லுவான். அதை எழுதப்போறதும் நீதாம்லே!