ஏகாவதானி

மனைவி என்னிடம் ஒப்படைத்த வேலை ஒன்றே ஒன்று. "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க. நான் மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வந்துடறேன்."

மூன்று வரை எண்ணத் தெரிந்த யாரும் தட்டிக் கழிக்க முடியாத வேலை. கைப்பேசியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு, அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. டக்கென்று அணைத்தேன். ஒரு காரியத்தை உருப்படியாக முடித்த திருப்தியில் விரலைக்கூட நீட்டி மடக்கிக்கொண்டேன்.

துணிமூட்டையோடு இறங்கி வந்தவள் கேட்டாள்: "ரெண்டு விசிலுக்கே ஏன் அணைச்சீங்க? நடுவுல வந்தது எதிர் வீட்டு குக்கர்."

திறந்து பார்த்தால் பருப்பு பருப்பாகவே இருந்தது.

மாடியில் அவள் துணி மடித்திருக்கிறாள். தங்கையோடு போனில் பேசியிருக்கிறாள். வடாத்தில் வாய்வைக்க வந்த காக்கையை விரட்டியிருக்கிறாள். அத்தனைக்கும் நடுவில் கீழ்வீட்டு விசிலை எண்ணியதோடு, எது யார் வீட்டு விசில் என்றும் பிரித்திருக்கிறாள். சுருதிப் பெட்டியின் துணையில்லாமல், காதில் விழுந்த ஒலி இன்ன சுரம் என்று சொல்லிவிடும் செவி சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கும் என்பார்கள். மொசார்ட்டுக்கு இருந்தது. அவரிடம் இரண்டு குக்கரைக் கொடுத்துச் சோதித்தவர் யாருமில்லை.

"இப்ப ஒரே ஒரு விசில்தான். அதையாவது பாத்துக்கங்க" என்று மறுபடி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனாள்.

உட்கார்ந்திருந்தபோது செய்குத்தம்பிப் பாவலர் நினைவுக்கு வந்தார். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இடலாக்குடிக்காரர். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துச் சதாவதானம் செய்து காட்டியவர். அவதானம் என்றால் லேசுப்பட்டதா? முதுகில் விழும் கற்களை எண்ண வேண்டும். எங்கோ அடிக்கும் மணியை எண்ண வேண்டும். ஒருவர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிக்க வேண்டும். இன்ன தேதிக்கு என்ன கிழமை என்று சொல்ல வேண்டும். குறுக்கே எவராவது கோணல் கேள்வி கேட்டால் அதற்கும் சிரித்தபடி பதில் தர வேண்டும். நூறு செய்தவர் சதாவதானி, எட்டு செய்தவர் அட்டாவதானி. பாவலருக்கு 2008-இல் அஞ்சல்தலை வெளியிட்டார்கள். என் மனைவிக்கு வெளியிட மாட்டார்கள். அவளுடைய அரங்கம் மொட்டை மாடி; கேட்க வந்த சபையும் காக்கை ஒன்றுதான்.

என்னிடமும் ஏதோ திறமை ஒளிந்திருக்கிறது என்று நம்பித்தான் அம்மா சிறுவயதில் என்னை மிருதங்க வகுப்பில் சேர்த்தாள். மூன்றாம் மாதம் வாத்தியார், "பையனுக்குக் கை நல்லா இருக்கு, டைப்ரைட்டிங் போடுங்க" என்றார். டைப்ரைட்டிங் பயிலகத்தில் ஏ-எஸ்-டி-எஃப் தாண்டிச் செமிகோலன் பக்கம் போவதற்குள் கோடை விடுமுறை முடிந்துவிட்டது. கணக்கில் கோட்டை விட்டபோது, ராமானுஜனைத் துணைக்கு அழைத்தேன். அவரும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர்தான், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தான். அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "அவர் கணக்கைத் தவிர மத்ததுல ஃபெயில். நீ கணக்குலயும் ஃபெயில்."

பல வருடம் கழித்து ஹோவர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எனக்கு ஆறுதலாக வந்தார். அறிவு ஒரே வகைப்பட்டதன்று, அது ஏழு வகை என்று 1983-இல் எழுதியவர், பிறகு எட்டாவதையும் சேர்த்தார். எட்டுக் கதவில் ஒன்றாவது திறக்காதா என்று வரிசையாகத் தட்டிப் பார்த்தேன்.

மொழி: நண்பரின் மணிவிழா வாழ்த்து மடலில் "நீடூழி வாழ்ந்தார்" என்று எழுதியவன் நான். தர்க்கமும் கணிதமும்: மேலே அப்பா சொல்லிவிட்டார். இசை: மிருதங்க வாத்தியார் சாட்சி. இடத்தை அளக்கும் அறிவு: மிச்சக் குழம்பை எந்தக் கிண்ணத்தில் ஊற்றலாம் என்று மனைவி பார்த்தவுடன் எடுப்பாள், விளிம்பு வரை கச்சிதமாக நிற்கும். நான் எடுத்த கிண்ணங்களால் மேடையைத் துடைக்கும் துணிக்குத்தான் வேலை. உடல் திறன்: ஓடும் பஸ்ஸில் ஏறியதில்லை, நின்ற பஸ்ஸிலிருந்து விழுந்திருக்கிறேன். பிறர் மனமறிதல்: "ஒண்ணுமில்லை" என்று மனைவி சொன்னால் ஒன்றுமில்லை என்றே நம்புகிறேன். இயற்கையறிவு: சிறுகீரை வாங்கி வரச் சொன்னால் அரைக்கீரையோடு வருவேன். கடைசியாக, தன்னை அறிதல். மற்ற ஏழிலும் தேறவில்லை என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருப்பதால் இதில் முதல் வகுப்பில் தேறிவிட்டேன் என்று துள்ளினேன். கார்ட்னரின் கொள்கைக்குப் போதிய ஆதாரமில்லை என்று உளவியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். நான் தேறிய ஒரே பரீட்சையையும் ரத்து செய்யப் பார்க்கிறார்கள்.

"அஞ்சு!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "அஞ்சு விசில் ஆச்சுங்க. எல்லாம் நம்ம வீட்டுதுதான்."

ஒன்றே ஒன்றை எண்ணும் ஏகாவதானமும் தோல்வி.

இரவு சாப்பாட்டில் மகன் சாம்பாரைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தான். "என்னம்மா இது, கூழா?"

"உங்கப்பாவைப் பாரு" என்றாள் மனைவி. "ரெண்டு விசில்னாலும் அஞ்சு விசில்னாலும் முகம் மாறாம சாப்பிடுவார். எத்தனை பேருக்கு வரும் இது?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐம்பது வருடத்தில் என் திறமையை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை. எட்டிலும் அடங்காத ஒன்பதாவது வகை! கார்ட்னருக்கு ஒரு கடிதம் போட்டால் என்ன?

பெருமை தாங்காமல் தட்டை நீட்டினேன். "பிரமாதம். இதே சாம்பாரை இன்னும் ஒரு கரண்டி ஊத்து."

"சாம்பாருக்கு நீங்க இன்னும் வரவே இல்லை" என்றாள். "இப்ப சாப்பிட்டது ரசம்."