ஏறுமுகக்காரர்

செல்போன் ஆப்பில் ஒரு ரூபாய்–இரண்டு ரூபாய் போக்கர் டேபிளில் ஏறுமுகக்காரர் உட்கார்ந்திருப்பார். ஆனால் அங்கே இருக்க மாட்டார். கட்டைவிரல், சீட்டை வீசிவிடும் ஃபோல்டு பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கும். கண்ணும் கருத்தும் ஐந்து–பத்து டேபிளில் யார் எழுந்து போகிறார்கள், எந்த நாற்காலி காலி என்று மேய்ந்துகொண்டிருக்கும். தன்னை இந்தச் சின்ன டேபிளில் போட்டது ஏதோ நிர்வாகக் கோளாறு, மாற்றல் உத்தரவு இன்றோ நாளையோ வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

பகலில் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை; அதாவது அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பது. இரவில் அடுத்தவர் ஆடிய ஆட்டத்தில் பிழை கண்டுபிடிப்பார். சொந்த ஆட்டத்தை டெஸ்ட் செய்ய இதுவரை ஆள் நியமிக்கவில்லை.

"சார், எப்ப மேல ஏறலாம்னு நினைக்கிறீங்க?" என்று டீக்கடையில் பிடித்துக்கொள்வார். ஆலோசனை கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொன்னால் ஏமாந்தீர்கள். அவர் கேட்பது ஆசீர்வாதம்.

விதி ஒன்றும் ரகசியமில்லை. ஒன்று–இரண்டு டேபிளில் முழுப் பணத்தோடு உட்காரப் பெரிய பிளைண்டைப் போல, அதாவது சீட்டு வரும் முன்பே கட்டும் இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியதைப் போல, நூறு மடங்கு, 200 ரூபாய் வேண்டும். இரண்டு–ஐந்துக்கு 500, ஐந்து–பத்துக்கு 1,000. எந்த டேபிளுக்குப் போகிறோமோ, அந்தத் தொகையைப் போல முப்பது மடங்காவது ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய பணமாக இருக்க வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். இருபது போதும் என்கிற தைரியசாலிகளும் உண்டு, நாற்பது கேட்கிற பயந்தாங்கொள்ளிகளும் உண்டு. நடுவில் நின்றால் ஐந்து–பத்துக்கு ஏற 30,000 ரூபாய் வருகிறது. நம்மவர் கணக்கில் 2,300 இருந்தது. இதை எடுத்துச் சொன்னால் சிரிப்பார். "பேங்க்ரோல்னா ஆப்ல இருக்கிறது மட்டுமா சார்?" கிரெடிட் கார்டில் மிச்சமிருக்கும் லிமிட், வரப்போகும் தீபாவளி போனஸ், மைத்துனன் மூன்று வருஷமாகத் திருப்பித் தராத பத்தாயிரம் எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய பேங்க்ரோல். அந்தக் கணக்குப்படி அவர் எப்போதோ ஏறியிருக்க வேண்டும். பெருந்தன்மையால் கீழே இருக்கிறார்.

ஏறுவதற்கு அவர் சொல்லும் முதல் காரணம் பணமே அல்ல, மரியாதை. "இங்க ஆடறவங்களுக்கு ஃபோல்டு பட்டன் எங்க இருக்குன்னே தெரியாது சார். ஒண்ணுமில்லாத சீட்ட வச்சிக்கிட்டு கால் பண்றான். மேல போனா நம்ம ரைஸுக்கு ஒரு மதிப்பு இருக்கும்." ஒன்றுமில்லாத சீட்டோடு கால் பண்ணுகிறவன், அதாவது எதிராளியின் பந்தயத்துக்கு ஈடுகட்டுகிறவன்தான் இந்தத் தொழிலில் படியளக்கும் பெருமாள் என்பது அவருக்கு உறைப்பதில்லை. அவனிடம் புளுகாமல், நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து பணம் கட்டினால் போதும். காத்திருப்பதில் கௌரவம் இல்லையே! மேல் டேபிளில் இவர் பந்தயத்தை ஏற்றும் ரைஸை மதித்து எழுந்து நிற்பார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். பணத்தையும் அதே மரியாதையோடு வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது காரணத்தில் பாதி நியாயம் இருப்பதால் அது ஆபத்தானது. ஒவ்வொரு பந்தயப் பணத்திலிருந்தும் ஆப் கம்பெனி ரேக் என்று ஐந்து சதவீதம் போல எடுத்துக்கொள்ளும். இத்தனை ரூபாய்க்கு மேல் எடுப்பதில்லை என்று உச்சவரம்பும் உண்டு. பெரிய டேபிளில் அந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடுவதால், சின்ன டேபிள்காரனுக்குத்தான் அடி அதிகம். "கீழ இருக்கிறதே நஷ்டம் சார்" என்பார் நம்மவர். வாஸ்தவம். ரேக்கையும் தாண்டி ஜெயிக்கிறவனுக்கு இது ஏறக் காரணம். தாண்டாதவனுக்கு இது இறங்கி வீட்டுக்குப் போகக் காரணம்.

அவர் எக்செல் ஷீட்டைப் பார்த்திருக்கிறேன். ஜெயித்த நாள் பச்சை, தோற்ற நாளுக்கு "பயிற்சி" என்று தலைப்பு. நாலு நாள் தொடர்ந்து தோற்றால், "இதெல்லாம் வேரியன்ஸ் சார், சாம்பிள் பத்தாது" என்று புள்ளியியல் பேராசிரியராகிவிடுவார். ஒரு சனிக்கிழமை ஜெயித்துவிட்டால் ஞாயிறு காலையில் சாம்பிள் தாராளமாகப் போதும்.

இந்த சாம்பிள் சமாச்சாரம் கொஞ்சம் கொடூரமானதுதான். ஒரு டேபிளில் மணிக்கு எழுபது ஆட்டம் என்று வைத்தால் பத்தாயிரம் ஆட்டத்துக்குச் சுமார் நூற்று நாற்பது மணி நேரம் ஆகும். அத்தனை ஆடிய பிறகும் சீட்டின் ஏற்ற இறக்கம் எவ்வளவு தெரியுமா? நீண்ட நாள் கணக்கில் லாபமும் நஷ்டமும் இல்லாத ஆட்டக்காரர்கள் பத்துப் பேரை உட்காரவைத்தால், சுமார் மூன்று பேர் நூறு ஆட்டத்துக்கு ஐந்து பெரிய பிளைண்டோ அதற்கு மேலோ சம்பாதித்தது போல, அதாவது கைதேர்ந்தவர்கள் போல, எழுந்து வருவார்கள். அந்த மூன்று பேரும் தங்களை மேதை என்றுதான் நினைப்பார்கள். மீதி ஏழு பேர் ஏறாமல் இருப்பார்கள் என்கிறீர்களா? இழந்ததைச் சீக்கிரம் எடுக்க அவர்களும் ஏறுவார்கள்.

கையில் இரண்டு ஏஸ், எதிரே இரண்டு கிங். ஐந்தில் நாலு முறை ஏஸ் ஜெயிக்கும். அந்த ஐந்தாவது முறை தனக்கு மட்டுமே நடப்பதாக ஏறுமுகக்காரர் மனதார நம்புகிறார். ஜெயித்த நாலும் அவர் ஆட்டத் திறமை.

அவர் வணங்கும் மகான்கள் இருவர். 2003-ல் 86 டாலர் இணையத் தகுதிப் போட்டியில் நுழைந்து, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்ற கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் முதலாமவர். பணம் பண்ணுகிறவர் என்று பொருள்; நிஜமாகவே அதுதான் குடும்பப் பெயர். இதைக் கேட்ட அன்றே நம்மவர் எண் ஜோசியரைப் பார்த்து, ஆப்பில் வைத்திருந்த புனைபெயரில் இரண்டு எழுத்தைக் கூட்டிக்கொண்டார். இரண்டாமவர் 2000-ன் உலக சாம்பியன் கிறிஸ் ஃபெர்குசன். கையில் காசே இல்லாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி இணையத்தில் பத்தாயிரம் டாலர் சேர்த்துக் காட்டியவர். கையிருப்பில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எந்த டேபிளிலும் வைப்பதில்லை என்பது அவர் விரதம். கதையைச் சொல்லும்போது நம்மவர் பத்தாயிரத்தைச் சொல்வார், ஐந்து சதவீதத்தை விழுங்கிவிடுவார். (ஃபெர்குசன் பங்குதாரராக இருந்த இணையதளம் 2011-ல் அமெரிக்க அரசிடம் மாட்டி மூடியது. ஆட்டக்காரரின் கட்டுப்பாடு கம்பெனிக்கு வரவில்லை போலும்.)

உண்மையில் நம்மவர் ஏறுவது கடிகாரப்படி. பத்து மணிக்கு ஒன்று–இரண்டு. மனைவி தூங்கிய பிறகு இரண்டு–ஐந்து. விடியற்காலை இரண்டு மணிக்கு, அதுவரை போனதை ஒரே மூச்சில் எடுக்க, ஐந்து–பத்து. மூன்று மணிக்கு மொட்டை மாடியில் காற்று வாங்குவார். தமிழ்நாடு அரசு 2025-ல், நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை பண விளையாட்டு கூடாது என்று விதி கொண்டுவந்தபோது அதிகம் கொதித்தது இவர்தான். "போக்கர் திறமை விளையாட்டுன்னு 2023-லயே ஹைகோர்ட் சொல்லியிருக்கு சார்" என்று தீர்ப்பைப் போனில் வைத்துக்கொண்டு திரிந்தார். நீதிபதிகள் விளையாட்டைப் பற்றித்தான் சொன்னார்கள், இவரைப் பற்றி அல்ல என்று யார் எடுத்துச் சொல்வது?

மனைவிதான் ஒருமுறை சொன்னார். "ஏங்க, கீழ் வீட்டு வாடகையே பாக்கி நிக்குது. மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கலாமான்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கீங்க." இந்த விஷயத்தில் நான் படித்த எந்த நிபுணரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஏறுவதைப் பற்றி ஆயிரம் கேட்கிறவர் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏறும்போதே, இத்தனை போனால் பழைய டேபிளுக்குத் திரும்பிவிடுவேன் என்று முடிவு செய்துகொண்டு ஏறுகிறவன்தான் பிழைக்கிறான். மேலே மூன்று முறை முழுப் பணம் போனதா, நாளைக்கே கீழே வந்துவிட வேண்டும். நம்மவருக்கு அது மானப் பிரச்சினை. புனைபெயர், முகம் தெரியாத எதிராளிகள், நட்டநடு ராத்திரி. பார்ப்பதற்கு ஒரு ஜீவனும் இல்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் ஒன்று–இரண்டுக்கு வந்தால் காலரைச் சரிசெய்துகொண்டே உட்காருவார். கேட்டால், "கீழ ஆடறவங்க மனசு எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு ஆராய்ச்சி" என்பார். ஆராய்ச்சிக்கு நிதி வழக்கமான கிரெடிட் கார்டு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே பார்க்கவில்லை. ஆப்புகள் டேபிள்களை மடக்கின. மிச்சமிருந்த 1,140 ரூபாயை வங்கிக்கு மாற்றிக்கொண்டு டீக்கடைக்கு வந்தவர் முகத்தில் அப்படியொரு சோகம். "கரெக்டா அடுத்த வாரம் ஏறலாம்னு இருந்தேன் சார்."

இப்போது பங்குச் சந்தையில் ஆப்ஷன்ஸ். 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ்–ஆப்ஷன்ஸ் பக்கம் வந்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்ததாக சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்குச் சொல்லியிருக்கிறது. அவர் அந்த அறிக்கையைப் படித்திருக்கிறார். ஒரு லாட்டிலிருந்து எப்போது இரண்டு லாட்டுக்குப் போகலாம் என்று மட்டும் அதில் போடவில்லையாம்.

போன வாரம் காய்கறிக் கடையில் அவர் மனைவியைப் பார்த்தேன்.

"இந்த ஷேர் மார்க்கெட்டு ராத்திரியிலயும் நடக்குமாங்க?"

"இல்லைம்மா, காலையில ஒன்பதேகாலுக்கு ஆரம்பிச்சு மூணரைக்கு முடிஞ்சிடும்."

"அப்பாடா!" என்று இரண்டு கத்தரிக்காயைப் பொறுக்கிப் போட்டவர், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "ஒன்பதேகாலுலேர்ந்து மூணரைன்னா… அது ஆபீஸ் டைமாச்சே?"