அரைக்காசு மைனர்

பீட்டர்பரோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

காலேஜ் போஷ் கமிட்டியில் உன்னைப் போட்டதில் சந்தோஷம். 2013-இன் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் முழுக்க இனி அத்தானுக்கு மனப்பாடமாகிவிடும். "அங்கே போஷ்னா ஸ்டைலாமே?" என்று கேட்டிருந்தாய். நேற்றுத்தான் அந்த வார்த்தையிடம் அடிபட்டு வந்தேன்.

குடோனில் சூப்பர்வைசராக முதல் நாள். (ஆமாம், ஆக்கிவிட்டார்கள். சித்தி வீட்டில் சொல்லிவிடு.) கழுத்தில் டை, கையில் நீ கொடுத்த நாலடுக்குத் தூக்கு. மதியம் பஸ்ஸில் ஏறினால் உள்ளே முழுக்க நீலச் சட்டைக்காரர்கள். "கமான் போஷ்!" என்று ஒரே கத்தல். நெஞ்சில் கைவைத்துக் குனிந்தேன். பஸ் பிரேக் போட்டது. புளிக்குழம்பு டையில். இறங்கும்வரை என்னை விடவில்லை, "போஷ்! போஷ்!"

அது இந்த ஊர்க் கால்பந்து டீமின் செல்லப்பெயராம். 1921-இல் முன்னோடி டீமின் மேனேஜர், போஷான ஆட்டக்காரர்கள் வேண்டும் என்று சொல்லப்போய் ஒட்டிக்கொண்டது. 2002-இல் 'போஷ் ஸ்பைஸ்' பாடகி விக்டோரியா பெக்காமே இந்தப் பெயருக்காக டிரேட்மார்க் சண்டைக்கு வந்தார். குழம்பு டைக்காரனுக்கா கிடைக்கும்?

ராத்திரி தூக்கைப் பிரித்தேன். "ஊ, போஷ்!" என்றாள் கூட வேலை செய்கிற அம்மா. டையை மறைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அடுத்த நிமிஷம் தன் பாக்கெட் சிப்ஸைக் கிண்ணத்தில் கொட்டி, அதுவும் போஷ் என்கிறாள். டீக்குச் சாசர் வைத்தால் போஷ். காகிதக் கைத்துண்டை மடித்து வைத்தால் ரொம்ப போஷ்.

இந்த வார்த்தை எங்கே பிறந்தது என்றால் அத்தான் கப்பல் கதையை எடுப்பார். இந்தியாவுக்குப் போகையில் இடப்பக்கம், திரும்புகையில் வலப்பக்கம், வெயில் படாத கேபின், பி அண்ட் ஓ கப்பல் டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் நாலெழுத்து முத்திரை. அப்படி ஒரு டிக்கெட்கூட இதுவரை அகப்படவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நீயே பக்குவமாகச் சொல்.

ரோமானி மொழியில் போஷ் என்றால் பாதி. அரை பென்னிக் காசுக்கு அந்தப் பெயர், பிறகு கொச்சையில் பணத்துக்கே. 1890-இல் வந்த கொச்சை அகராதியில் போஷ் என்றால் நம்மூர் மைனர். காசுதான் மைனரானது என்கிறார்கள். எனக்கு நம்பப் பிடித்திருக்கிறது. ரோமானிகளும் ஆயிரம் வருஷத்துக்கு முன் நம் பக்கத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள்தானே. எந்த அக்கா தூக்கு கட்டிக் கொடுத்தாளோ.

தூக்கின் அடித்தட்டு நசுங்கி, கொக்கி மாட்ட மாட்டேன் என்கிறது. இங்கே தட்டி எடுத்துத் தர ஆளில்லை. சணல் கயிறு கட்டியிருக்கிறேன். யாராவது வந்தால் ஒரு கொக்கியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பு. டை வேண்டாம்.

உன் தம்பி