சாவி யாரிடம்?

எந்நேரமும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிறாள் என் மகள். அடுத்த மாதம் 13 வயது நிறைகிறது. பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தரலாம்? லேப்டாப் கேட்பாளோ என்று பயமாக இருக்கிறது!
– ஒரு வாசகி, கும்பகோணம்

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் என்ற சிறுமிக்கு 13 வயது நிறைந்தது 1942 ஜூன் 12-ல். அன்று கிடைத்த பரிசுகளில் ஒன்று, சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட அட்டையில் சின்னப் பூட்டு வைத்த நோட்டு. ஆட்டோகிராஃப் வாங்குவதற்காகச் செய்யப்பட்டது! அவள் கையில் அது டைரியானது, உலகமே படித்தது.

லேப்டாப் பிறகு வரட்டும். மை ஊறாத தாளாகப் பார்த்து ஒரு நல்ல நோட்டு வாங்குங்கள். மகளையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். ஆன் கூட அப்பாவோடு கடையில் பார்த்து, தானே தேர்ந்தெடுத்ததுதான் அது.

பூட்டு வைத்த நோட்டு என்றால் இரண்டு சாவி தருவார்கள். இரண்டையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள், அம்மா!