ஓடா வண்டியின் எழுத்ததிகாரம்

சூடேறி நின்றுபோன கார் பேசும். அதைக் கேட்காமல் பானட்டைத் தூக்கிவைத்து, இடுப்பில் கைவைத்து, எஞ்சினை முறைத்துப் பார்ப்பதே நம் மரபு. முறைத்ததால் கிளம்பிய வண்டி இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக் களம், கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 42-ஆவது. பொழுது, சித்திரை நண்பகல். ஆய்வுப் பொருள், சித்தப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசடர். ஹீட் முள் சிவப்பைத் தொட்ட பிறகும், "அது எப்பவும் அப்படித்தான்டா காட்டும்" என்று ஐந்து வளைவு ஏற்றினார். ஆறாவதில் முள் சொன்னது மெய்யானது.

செல்ஃப் அடிக்கும்போது எழும் ஒலி மூவினப்படும்.

வல்லினம், 'டக்' என்று ஒற்றை அடியோடு அடங்குவது. டகரம் மொழிக்கு முதலாகாதே என்று புலவர்கள் தடுக்கலாம். அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழித்தோன்றல்; திசைச்சொல்லாகக் கொள்க. பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கலாம், அல்லது கேஸ்கெட் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது. விடாமல் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். இதனோடு மயங்குவது 'டக்கு டக்கு டக்கு'. அது வன்தொடர்க் குற்றியலுகரம். மாத்திரை குறைந்ததுபோல் பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

மெல்லினம், 'ங்ஙொய்ங்' என்று தையல் மிஷின்போல் லேசாகச் சுற்றுவது. கேட்க இனிது, செலவு கொடிது. ஹெட் கேஸ்கெட் போய், கம்ப்ரெஷன் நிற்காமல் கசிகிறது. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். டீக்கடைப் பால் டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட்டைக் கழற்ற வேண்டும். வளைந்திருந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும். "ஒண்ணுமில்ல சார், ஓட்டலாம்" என்று இதற்கு வேறு உரை கூறுவார் உளரேல், அவர் அந்த வண்டியை விற்க வந்தவர்.

இடையினம், 'ர்ர்ர்ர்' என்ற வழக்கமான சுற்று. பிடிப்பது மட்டும் இல்லை. குற்றம் காயிலிலோ பெட்ரோலிலோ. பிளக்கில் பொறி வந்தால் காயில் விடுதலை. பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். எஞ்சினை அணைத்ததும் விசிறியும் வாட்டர் பம்பும் சேர்ந்தே நின்றுவிடுவதால், பானட்டுக்குள் சூடு தணியாமல் சிறிது நேரம் இன்னும் ஏறும். (இதைச் சித்தப்பா இன்றுவரை நம்பவில்லை.) அந்தச் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆவியை இழுத்துத் தள்ள பம்புக்குத் தெரியாது. மெக்கானிக்குகள் வழக்கில் இது வேப்பர் லாக்.

இம்மூன்றிலும் அடங்காதது ஆய்தம். ரேடியேட்டர் மூடியிலிருந்து 'ஃஸ்ஸ்ஸ்' என வரும். மூடி அழுத்தம் கொடுத்து அடக்கி வைத்திருப்பதால், உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். திறந்த கணத்தில் ஆவியாய்ப் பாயும். ஆய்தத்துக்குப் பின் வல்லின உயிர்மெய் வர வேண்டும் என்பது விதி. நான் திறந்தபோது 'ஐயோ' வந்தது. இதற்குப் புறனடை எழுதுவார் யாரேனும் எழுதுக. என் புறங்கையில் சான்று உண்டு.

எங்கள் வண்டி பேசியது இடையினம். சித்தி ஒரு துண்டை நனைத்துக் கொடுக்க, அதைப் பம்பின்மேல் சுற்றினோம். அரை மணியில் வண்டி பிடித்தது. சூடேறிய மூல காரணம் தளர்ந்த ஃபேன் பெல்ட். இறுக்க ஐந்து நிமிடம்.

துண்டுக்கும் வண்டி கிளம்பியதற்கும் தொடர்பில்லை, அது தானாக ஆறிக் கிளம்பியது என்பார் சித்தப்பா. துண்டு அவருடையது. கிரீஸ் கறை இன்னும் போகவில்லை.