பேபிக்கு வயது 62

தொட்டிலில் வைத்துக் கூப்பிட்ட செல்லப்பெயர் 62 வயதிலும் அவரை விடவில்லை. கணவர் பெயர் பாய்; அவருக்கு 65. ஒரு பேபியோ பாயோ இல்லாத பிலிப்பினோ குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். மருமகள், நாத்தனார், பேரன் பேத்தி என்று ஒரு வேன் கொள்ளாத கூட்டத்துக்கு ஒரே நிறத்தில் டீ-சர்ட் மாட்டி, மணிலாவிலிருந்து சிங்கப்பூருக்கு ஓட்டி வருபவர் இந்த தீத்தா பேபிதான். தீத்தா என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாமே.

மெர்லயனுக்குப் பத்து நிமிஷம். சிங்கம் தண்ணீர் துப்புவதைப் பார்த்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று, அப்புறம் அங்கே என்ன வேலை? நேரே விவோசிட்டி. அம்மணி ஊரில் மால் இல்லாமலா? உள்ளுக்குள்ளேயே பனிச்சறுக்குத் தளம் வைத்திருக்கிற மால் ஆஃப் ஏஷியா மணிலா கடலோரத்தில் நிற்கிறது. இரண்டும் 2006இல்தான் திறந்தன. பரப்பில் விவோசிட்டி அதற்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. கேட்டால், "அது நம்ம ஊர் ஏசி. இது வெளிநாட்டு ஏசி!" என்பார். மணிலா வெயிலை அனுபவித்தவர்கள் இதற்குச் சிரிக்கமாட்டார்கள். அங்கே மால்தான் பூங்கா, மால்தான் திண்ணை. ஞாயிற்றுக்கிழமை பூசைகூடப் பல மால்களுக்குள்ளேயே நடக்கிறது.

ஒவ்வொரு விலைச்சீட்டையும் நாற்பதுக்கு மேல் பெருக்கி பேசோவாக்கி, "அய்யோ, எழுநூறுக்கு மேலயா!" என்று நெஞ்சில் கை வைப்பார். வைத்த கையாலேயே இரண்டு எடுப்பார். ஒன்று பக்கத்து வீட்டுக்காரிக்கு, இன்னொன்று நகம் வெட்டிவிடுகிற பெண்ணுக்கு. பட்டியலில் பங்குச் சாமியாரும் உண்டு. தனக்கென்று வாங்கியது ஒரு செருப்பு. அதுவும் பழையது அறுந்ததால். இரண்டு கையிலும் பை நிறைந்துவிட்டால் வழிகாட்டுவது எப்படி? பிலிப்பினோக்களுக்கு அந்தக் கவலை கிடையாது. உதட்டைக் குவித்து நீட்டினால் அதுதான் திசை. பதினோரு பேரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

சாப்பாடா? சோறு இல்லாதது சாப்பாட்டுக் கணக்கில் வராது. காயா டோஸ்ட் எல்லாம் வெறும் மெரியெண்டா, இடைத்தீனி. உணவங்காடியில் சிக்கன் ரைஸ் வந்ததும் பக்கத்து மேசையில் இருக்கிற முன்பின் தெரியாதவரையும் "வாங்க, சாப்பிடலாம்" என்று அழைப்பார். தட்டோரத்தில் குட்டி எலுமிச்சையைக் கண்டால், "நம்ம கலமான்சி!" என்று பிழிந்துகொண்டே கண்கலங்குவார். ஊரைவிட்டு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

மூன்றாம் நாள் லக்கி பிளாசா ஜாலிபீ. வறுத்த கோழி, தித்திக்கும் ஸ்பகெட்டி, அதில் நறுக்கிப் போட்ட ஹாட்டாக். மணிலாவில் தெருமுனையில் கிடைப்பதைத் தின்ன விமானமேறி வந்த கூட்டம் வாயே திறக்காமல் தின்னும். அது ஞாயிறு; விடுப்பில் வந்த பணிப்பெண்களால் கட்டடமே நிறைந்திருக்கும். வரிசையில் பின்னால் நின்றவள் இலோய்லோக்காரி என்று தெரிந்ததும், தம்பி மாமியார் வழியில் ஓர் உறவைத் தோண்டியெடுத்து, அவளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடுவார் தீத்தா.

கடைசிக் காட்சி சாங்கியில். கைப்பைக்கு ஏழு கிலோதான். ஆகவே கணவர் பாய் மூன்று ஜாக்கெட் போட்டிருக்கிறார். எல்லாப் பையிலும் டைகர் பாம். சோதனைப் பெண், "இத்தனை தைலம் யாருக்கு?" என்கிறாள். தீத்தா வாய் திறக்கவில்லை. உதட்டைக் குவித்து, கணவரின் முழங்காலைக் காட்டுகிறார்.